பந்து உச்சிக்கே போகாத கணக்கு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் தேடிப் போனதல்ல. கதவு மாறி நுழைந்ததில் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் சிறுகதை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மாடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் வேறொரு அரங்கில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே முதலாண்டு நுண்கணிதத்தின் முதல் வகுப்பு. எழுந்து போக வெட்கப்பட்டு, எல்லாம் புரிகிற மாதிரி தலையாட்டிக்கொண்டு கடைசிவரை இருந்தேன். (என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் அதற்குப் பிறகு கூப்பிடவேயில்லை. அவர்களுக்கும் அது நல்லதுதான்.)

எனக்கு முன்வரிசையில் நடுவயதுப் பெண்கள் இரண்டு பேர். மற்றதெல்லாம் நேற்றுப் பள்ளி முடித்த பிள்ளைகள். பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி சேருங்கள், பருவம் முழுக்க இருவரும் சேர்ந்தே பயிற்சித்தாள் எழுத வேண்டும் என்றார் விரிவுரையாளர். அந்த இரண்டு பெண்களும் சொல்லி வைத்தாற்போல் எதிரெதிர்ப் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் அதற்குள் ஜோடி சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள்:

காலை வெயில் ஜன்னல் வழியாகக் கரும்பலகையில் — [வேண்டாம். அந்த அரங்கில் ஜன்னலே கிடையாது.]

வாழ்க்கையும் நுண்கணிதம் மாதிரிதான், நெருங்க நெருங்க — [அடித்தாயிற்று. இப்படி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.]

அவர்கள் இருவரும் ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள். இது இருக்கட்டும். அண்ணன் மனைவி மூத்தவள், தம்பி மனைவி இளையவள். மூத்தவள் கீழ்வீட்டில், இளையவள் மாடியில். இருவருக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது.

காரணம் என்ன? சொத்து என்று எழுதினேன். கதை தொலைக்காட்சித் தொடர் மாதிரி ஆனது. கடைசியில் இப்படி வைத்துக்கொண்டேன்: ஒரு விருந்தில் யாரோ ஏதோ கேட்க, மூத்தவள் விளக்கம் சொல்ல, இளையவள், “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். வார்த்தையில் குற்றம் இல்லை. சொன்ன தொனிதான். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இல்லாதவர்கள் என்னை நம்பித்தான் ஆகவேண்டும்.

பேச்சு நின்றதே தவிர, ஜாடை நிற்கவில்லை. மாடியில் தண்ணீர் வழிந்தால் மூத்தவள் சுவரைப் பார்த்து, மோட்டாரை நிறுத்தணும்னு சிலருக்குத் தோணவே தோணாது என்பாள். சில பேருக்குக் காது மட்டும் நல்லாக் கேக்கும் என்று இளையவள் துணிக்கொடியிடம் பதில் சொல்வாள். குடும்பம் இப்படியே ஓடியது, நன்றாகவும் ஓடியது.

3

மூத்தவள் கட்டடம் வரைகிற அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்குத் தூண் எங்கே, படி எங்கே என்று கணினியில் வரைவது அவள். பட்டம் இல்லாததால் வரைபடத்தில் கையெழுத்து வேறு ஆளுடையது. அதனால் மாலைநேரப் பட்டப்படிப்புக்கு மனுப்போட்டாள். நுண்கணிதத்தில் தேறினால்தான் சேர்க்கை. போன வருடம் யாருக்கும் சொல்லாமல் எழுதித் தோற்றாள். இரண்டாம் முறையும் தோற்றால் பிறகு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் இப்போதும், அலுவலகத்தில் வேலை அதிகம் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

(வீட்டுக்காரர் கெட்டவரா என்று கேட்பீர்கள். தங்கமான மனுஷர். அதுதான் தொல்லை. பெருமை தாங்காமல் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். பிறகு தோற்றால் ஊர் முழுக்க ஆறுதல் சொல்ல வரும்.)

இளையவள் மருந்துக்கடையில் இருக்கிறாள். மருந்தியல் படிக்க அவளுக்கும் இதே பாடம் வேண்டும். அவள் வீட்டில் சொன்ன பொய், யோகா வகுப்பு. ஆக, ஒருவர் குடுமி மற்றவர் கையில்.

இங்கே ஒரு சந்தேகம். முதல் பிரதியில் இளையவளைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். மூத்தவளின் வீட்டுக்காரரிடம் போட்டுக்கொடுப்பதாக ஒரு காட்சிகூட இருந்தது. எழுதி முடித்துப் படித்தால், அந்தக் காட்சியில் அவள் வாயே திறக்கவில்லை. நான் எத்தனை தள்ளியும் அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். சரி, நல்லவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

4

பயிற்சி வகுப்பிலும் ஜாடைதான். சில பேர் அடைப்புக்குறியை மறந்துவிடுவார்கள் சார் என்று மூத்தவள் பயிற்றுநரிடம் சொல்வாள். அந்த இளைஞர் பாவம், யார் என்று வகுப்பு முழுக்கத் தேடுவார். வேலையைப் பிரித்துக்கொண்டதும் பேசாமலேதான்: மூத்தவள் பாதி போட்டுத் தாளைத் தள்ளுவாள், இளையவள் மீதியை முடிப்பாள்.

இடைத்தேர்வில் இருவரும் சேர்ந்து எழுதும் ஜோடித்தாளில் பந்துக் கணக்கு வந்தது. மேலே எறிந்த பந்தின் உயரத்துக்கு ஒரு கோவை கொடுத்து, பந்து எப்போது உச்சிக்குப் போகும் என்று கேட்டிருந்தார்கள். அதை ஒருமுறை வகையிட்டால் வேகம் வரும். வேகம் பூஜ்யமாகிற நொடியில் பந்து உச்சியில் நிற்கும். மூத்தவள் வகையிட்டு, விடைத்தாளைத் தள்ளினாள். அது கேள்வியில் இருந்த கோவை என்று நினைத்து இளையவள் இன்னொருமுறை வகையிட்டாள். மிஞ்சியது வெறும் கழித்தல் பத்து. அதை எந்த நொடியிலும் பூஜ்யமாக்க முடியாது. ‘போட்டாச்சா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்பதற்குப் பதிலாக அவள் அழகான கையெழுத்தில் விடை எழுதினாள்: ‘இந்தப் பந்து உச்சிக்குப் போகவே போகாது.’

விரிவுரையாளர் அதை வகுப்பில் படித்துக் காட்டினார். பெயர் சொல்லவில்லை, ஆனால் முன்வரிசையில் இரண்டு காதுகள் சிவந்தன. மூத்தவளுக்குச் சிரிப்பு வந்ததை நான் மறைக்கப்போவதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் அது அடங்கியது. இறுதித் தேர்வில் ஜோடித்தாள் ஒன்று இருக்கிறது. அதுவும் இப்படிப் போனால் அவள் கதை முடிந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

5

இப்போது யாராவது ஒருவர் முதலில் பேச வேண்டும். மூத்தவளைப் பேச வைத்துப் பார்த்தேன். “தங்கச்சி, நடந்ததெல்லாம் மறந்து” — [அவள் இப்படிப் பேச மாட்டாள். உயிரே போனாலும் பேச மாட்டாள்.]

அவளுக்குத் தெரிந்த வழியில்தான் விட்டேன். சாயங்காலம் மொட்டைமாடியில் இருவரும் துணி எடுக்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய போர்வை. மூத்தவள் போர்வையிடம் சொன்னாள்:

“போன வருஷமும் இதே பாடத்துல சிலர் ஃபெயில் ஆனாங்க. வீட்ல யாருக்கும் தெரியாது. இந்தத் தடவையும் போச்சுன்னா அவ்வளவுதான், அப்புறம் சேத்துக்க மாட்டாங்களாம்.”

பிறகு போர்வை விலகியது.

“யாரு, நீங்களாக்கா?”

ஜாடைக்கு ஜாடையில் பதில் சொல்லலாம். நேராகக் கேட்டால் என்ன செய்வது? மூத்தவள் ஒரு கிளிப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

“நான்தான்.”

“சரி, கீழ வாங்க. அந்தப் பந்தை முதல்ல மேல ஏத்துவோம்.”

அதன்பிறகு வீட்டில் ஒரே சத்தம். நீ ஏன் அதைத் தொட்டாய், நீங்கள் ஏன் பாதியில் விட்டீர்கள் என்று சமையலறையில் நாள்தோறும் நடந்தது. அண்ணனும் தம்பியும் நடுங்கிப்போனார்கள். இத்தனை காலம் பேசாமல் இருந்தவர்கள் இப்போது வாய்ச்சண்டைக்கு வந்துவிட்டார்கள், வீட்டைப் பிரித்துவிடலாமா என்று இருவரும் வாசலில் நின்று யோசித்தார்கள். அவர்களை அப்படியே நிற்க விட்டுவிட்டேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

6

தேர்வு முடிந்தது. ஜோடித்தாளில் இருவரும் அத்தனை பேசினார்கள் என்று மேற்பார்வையாளர் வந்து குரலைத் தணிக்கச் சொன்னார். முடிவுகள் வரவேண்டிய நாள்.

(அ) மூத்தவள் தேறுகிறாள், எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். எழுதினேன். எனக்கே கண் கலங்கியது, அதனாலேயே கிழித்துவிட்டேன்.

(ஆ) இளையவள் தேறுகிறாள், மூத்தவள் இல்லை. எழுத உட்கார்ந்தேன். மனசு வரவில்லை.

(இ) எல்லை என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு, முடிவை நெருங்கிக்கொண்டே இருந்து தப்பித்துவிடலாம். [அதைத்தான் மேலேயே அடித்தாயிற்றே.]

நடந்தது இதுதான். முடிவு வந்துவிட்டது என்ற செய்தியோடு சமையலறை மேடையில் இருந்த போன் ஒலித்தது. மூத்தவள் திறக்கவில்லை. போன வருடம் இதை அவள் அலுவலகக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாகப் பார்த்தாள். இப்போது அந்தப் போனை எடுத்து இளையவளிடம் நீட்டினாள்.

“நீ பாத்துச் சொல்லு. என்னவா இருந்தாலும் நீ சொன்னா நான் தாங்கிக்குவேன்.”

இளையவள் பார்த்தாள்.

மதிப்பெண் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். எட்டிப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் போனை அவள் கொடுத்தது இளையவளிடம், என்னிடம் இல்லை. இதை எழுதியவன் என்பதற்காக அந்த இருவருக்கு நடுவில் தலையை நுழைப்பது முறையல்ல.

உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் மேற்கொண்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். எந்த மதிப்பெண்ணாக இருந்தாலும், சொல்வதற்கு முன்னால் மூத்தவளை உட்காரவைத்து இரண்டு வாய் சாப்பிடச் சொல்லுங்கள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.