சங்கரம்மாள் வைத்த சேனை

"இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நயினார் தன் அக்கா சங்கரம்மாளை முத்தையாபுரத்துக்குக் கூட்டிவந்து, வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தான். மார்பில் வந்த புற்று வெளியே புண்ணாக உடைந்திருந்தது. வாடைக்குப் பயந்துதான் கொட்டகை. அக்காவே கேட்டுக்கொண்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னான். அது பாதி உண்மை.

அம்மாவும் அப்பாவும் போனபிறகு உப்பளத்தில் உப்புச் சுமந்து அவனை வளர்த்தவள் அவள். தனக்குக் கலியாணம் வேண்டாம் என்றுவிட்டாள். வேலைக்காரப் பெண்களுக்குக் குடிதண்ணீர் வைக்காத கங்காணியை நடு அளத்தில் நிறுத்தி வைது, பானை வாங்கி வைக்கச் செய்தவள். இப்போது வலி தாங்காமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

புது ஹார்பரில் நயினாரோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லி, கிருபாபாய் சிஸ்டர் வந்தார். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டி முடிந்ததும் பஸ் ஏறி, ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களின் வீடுகளுக்குப் போவார். மூக்கைப் பொத்தாமல் கொட்டகைக்குள் நுழைந்து கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

"எங்கம்மா வலிக்கு?"

"எங்க வலிக்கலைன்னு கேளுங்க. சிஸ்டர், பொய் சொல்லாதிய. நான் பொழைப்பனா?"

"இல்லம்மா. ஆனா இந்த வலியோட உன்னைச் சாக விடமாட்டேன்."

சங்கரம்மாள் அழவில்லை. "உள்ளதச் சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் டாக்டரிடம் பேசி வலியை அடக்கும் மார்ஃபின் மருந்துக்கு ஏற்பாடு செய்தார். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவிக் கட்டும் விதத்தை நயினாரின் மனைவி முத்துக்கனிக்குக் காட்டிக்கொடுத்தார். அவள் நிறைமாதக்காரி, முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டாள். கழற்றிய துணிகளை வெந்நீரில் அலசுவது நயினார் வேலை. வாடை அடங்கியது. சங்கரம்மாள் நன்றாகத் தூங்கினாள். விழித்ததும் மீன்குழம்பு கேட்டாள்.

அன்றைக்கு சிஸ்டர் நயினாரைக் கூப்பிட்டார். "கொட்டகை விறகுக்கு. ஆளுக்கு வீடு."

நயினார் கட்டிலைத் தூக்கி முன்னறையில் போட்டான்.

தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிப்போக, சாத்தான்குளத்திலிருந்து முத்துக்கனியின் தாய் சீனித்தாய் வந்தாள். முன்னறைக் கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பிள்ளத்தாச்சிக்கு ஒட்டுனா யாரு பதில் சொல்லுவா?"

"தொட்டா ஒட்டுற நோயில்ல இது" என்றார் சிஸ்டர்.

சீனித்தாய் நம்பவில்லை. மறுநாளே கிளம்ப வண்டிக்குச் சொல்லிவிட்டாள். வண்டி வந்தபோது முத்துக்கனிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. ஆடும் வண்டியில் அவளை ஏற்றப் பயந்து, பிரசவம் பார்த்துப் பழகிய சிஸ்டரை அந்த வண்டியிலேயே போய் அழைத்து வந்தார்கள். மத்தியானம் பெண்குழந்தை பிறந்தது.

பிறந்த குழந்தையின் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கவேண்டும். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கடை வைத்துப் பேரோடு இருக்கும் தன் தம்பிக்கு ஆள் அனுப்பலாம் என்றாள் சீனித்தாய்.

"மதினிதான் வைக்கணும்" என்றாள் முத்துக்கனி, முன்னறைக் கட்டில் பக்கம் கைகாட்டி.

"ஏளா, கிறுக்கா உனக்கு? குணத்தோட நோயும் வந்துட்டா?"

"நோய் வராதுன்னு சிஸ்டர் சொல்லியாச்சு. குணம் வரட்டும்மா. எம் பிள்ளைக்கு எதுத்துப் பேசத் தெரியணும்."

கட்டிலில் கிடந்த சங்கரம்மாள், "வேண்டாம் தாயி, என் கைய நெனச்சா எனக்கே பயமா இருக்கு" என்றாள். அவள் தானாக விட்டுக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

சீனித்தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சீனித்தண்ணீர் கரைத்து எடுத்துவந்தாள். கட்டிலில், சங்கரம்மாளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"கை நடுங்குதுல்லா. நான் தாங்கிப் பிடிச்சுக்கிடுதேன்."

சிஸ்டர் சங்கரம்மாளைச் சாய்த்து உட்காரவைத்து, குழந்தையை அவள் மடியில் வைத்தார். நடுங்கும் விரல் உதட்டில் பட்டதும் குழந்தை அதைப் பற்றிச் சப்பியது. விரலை விடவேயில்லை. சங்கரம்மாள் முதலில் அழுதாள். பிறகு தெருக்கோடிவரை கேட்கிற பழைய குரல் வந்தது.

"ஏலே நயினாரு! வீட்டுக்கு மகாலட்சுமி வந்திருக்கா. தெருவுக்குச் சீனி குடுக்காம என்னலே வாயப் பாத்துட்டு நிக்க?"

நயினார் ஓடினான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் அன்றைக்கு முன்னறையில் வந்து உட்கார்ந்து, அவளிடம் பேச்சு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் சங்கரம்மாள் போய்ச்சேர்ந்தாள். முத்துக்கனி தலைமாட்டில் இருந்தாள். உப்பளத்துப் பெண்கள் வேலையிலிருந்து அப்படியே, காலில் உப்புப் பூத்தபடி வந்தார்கள்.

"ரொம்பச் சீரழிஞ்சாளா தம்பி?" என்று ஒருத்தி கேட்டாள்.

நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைநிமிர்ந்தான்.

"இல்லக்கா. காலையில கூட கஞ்சியில உப்பு இல்லேன்னு எங்கள ஏசுனா."