நூற்று அறுபதுக்குக் கீழே

அன்று காலை மூன்றாவது முறை பிரஷர் அளந்தபோதும் நூற்று எண்பத்து நான்கு காட்டியது.

"நூத்தி அறுபதுக்குக் கீழ வந்தாத்தானுங்க டீச்சர் உள்ள கூப்பிடுவாங்க," என்றாள் கண் மருத்துவமனை நர்ஸ் செவ்வந்தி. கையில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்தாள். "டென்ஷன் ஆகாம இருங்க."

கிருபாவதி மனதுக்குள் எண்ணினாள். டென்ஷன் என்ற சொல் விடிந்ததிலிருந்து ஆறாவது தடவை. மதுக்கரையில் பஸ் ஏறும்போது கணவர் தங்கராஜ் சொன்னார். பஸ் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டதற்குக் கண்டக்டர் சொன்னார். சொட்டு மருந்து விட்ட பெண் சொன்னாள். கோபத்துக்கும் அந்தச் சொல், அவசரத்துக்கும் அதே சொல். சாம்பாரில் உப்பு கூடினாலும் ஊரில் எல்லாருக்கும் டென்ஷன். அவள் முப்பத்தோரு வருடம் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவள். தேர்வுத் தாளில் வந்திருந்தால் ஒவ்வொன்றையும் சுழித்திருப்பாள்.

பிரஷர் இறங்கவில்லை என்று ஏற்கெனவே இரண்டு நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் இன்று பன்னிரண்டு மணி வரைதான் கண்புரை ஆபரேஷன் செய்வார். நாளை வெளிநாடு போனால் திரும்ப ஒன்றரை மாதம். போன மாதம் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கும்போது எழுத்துகள் பால் ஊற்றியதுபோல் ஆகிவிட்டன. வேறொருத்தி எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தாள். வாசிப்பவர்களின் அடுத்த பட்டியலில் கிருபாவதியின் பெயர் இல்லை.

மணி பதினொன்று பத்து.

"கிருபா, டென்ஷன் ஆகாத," என்றார் தங்கராஜ். "நீ டென்ஷன் ஆனா எனக்கும் டென்ஷன் ஆகுது."

"ஏனுங்க, கீழ போயி ஒரு டீ குடிங்க."

"இப்பத்தான குடிச்சேன்."

"இன்னொண்ணு குடிங்க. போண்டா தின்னுங்க. பன்னெண்டு மணிக்கு முன்னால இந்தப் பக்கம் தலையக் காட்டாதீங்க."

அவர் போனார்.

பக்கத்து நாற்காலியில் அந்தியூர்க்காரர் சுப்பண்ணன் பச்சைத் தொப்பியுடன் உட்கார்ந்திருந்தார். அடுத்து உள்ளே போக வேண்டியவர்.

"உடுங் டீச்சர். டென்ஷன் ஆவாதீங்."

"அப்படின்னா என்னங்க?"

"எதுங்?"

"அந்த டென்ஷன். என்ன அர்த்தத்துல சொல்றீங்க?"

அவர் யோசித்தார். "தெரியலீங். எல்லாருஞ் சொல்றாங்க, நானுஞ் சொல்லிப்போட்டேன்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க. பயம். அவ்வளவுதான். அதச் சொல்ல உட மாட்டேங்கறாங்க." சத்தம் கூடிவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சுப்பண்ணன் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் பயந்தானுங். கண்ண வெளிய எடுத்து, கழுவி, மறுக்கா மாட்டுவாங்களாமா?"

"ஆரு சொன்னது?"

"எம்பட மச்சானுங்."

"அவருக்கு ஆபரேஷன் ஆயிருக்குதா?"

"இல்லீங். அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

கிருபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றாள். சின்னதாக ஒரு கீறல் போட்டு, புரையைக் கரைத்து உறிஞ்சிவிட்டு, லென்ஸ் வைப்பார்கள்.

"வலிக்குமுங்களா?"

"மரத்துப்போகும்னு சொல்றாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்கீங்க பாத்தேன்? ரெண்டு தடவ இந்த நாற்காலி வரைக்கும் வந்து திரும்பிப் போனவ."

"அப்ப உங்களுக்குந் தெரியாது."

"தெரியாது."

"அது சரி," என்று சுப்பண்ணன் காலை நீட்டிக்கொண்டார். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். "நான் முன்னால போறனுங். வலிச்சா ஒரு சத்தம் போடறேன், நீங்க பஸ் ஏறிப்போடுங்."

கதவு மூடியது. கிருபாவதி காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள். சத்தம் வரவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குச் செவ்வந்தி வந்து பட்டையைச் சுற்றினாள். காற்று ஏறியது. மெதுவாக இறங்கியது.

"நூத்தி அம்பத்தெட்டு!" என்றாள். "பாத்தீங்களா டீச்சர், டென்ஷன் ஆகாம இருந்தா..."

"அம்மணி, பேசாத. மொதல்ல அத எழுது."