போனஸ் ரூம் பிள்ளைகள்

ஹெரான் ரிட்ஜ் என்றால் நாரை மேடு. அங்கே நாரையும் கிடையாது, மேடும் கிடையாது. ஊர் ஓரத்துச் சோளக்காட்டை வழித்துவிட்டு முந்நூறு வீடுகளைக் கட்டியவர்கள், இல்லாத இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் இருந்தார்கள், எக்கச்சக்கமாக. ஏழாம் நம்பர் பள்ளி பஸ்ஸை ஓட்டும் வெர்லீன் ஸ்டாடர்டுக்கு அது தெரிந்த அளவுக்கு ஓஹாயோவில் வேறு யாருக்கும் தெரியாது. முன்பு ஒரே நடையில் முடிந்த வேலை இப்போது மூன்று நடை.

அந்த ஊரில் பள்ளிக்கூடம் ஓடுவது வீட்டு வரியில். அந்த முந்நூறு வீடுகளுக்கோ பதினைந்து வருஷத்துக்கு வரியே கிடையாது. ஊர் வளரட்டும் என்று கவுன்சில் கொடுத்த சலுகை. ஊர் வளர்ந்தது, பள்ளிக்கூடத்துக்குத்தான் விழி பிதுங்கியது. முதலில் நூலகத்தில் பாதி வகுப்பறையாயிற்று, அப்புறம் பாட்டு அறை. பாட்டு டீச்சர் இமானி ப்ரூஸ்டர் கீபோர்டைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வராந்தாவில் வகுப்பு எடுத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு நடக்கும். அதனால் பிள்ளைகள் இரண்டு வருஷமாகக் கிசுகிசுத்தே பாடினார்கள்.

இப்போது இன்னும் முந்நூறு வீடுகள், அதே சலுகையோடு. செவ்வாய்க்கிழமை மாலை கவுன்சிலில் ஓட்டெடுப்பு. அது நிறைவேறினால் அடுத்த வருஷம் பாட்டு வகுப்பையே எடுத்துவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வெர்லீனுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பஸ் முழுக்க வாய் திறந்து பாடும் பிள்ளைகள். அவளுடைய நாள் விடிவதே அதில்தான்.

அவர்கள் பஸ்ஸில் வாயை மூடும் இடம் ஒன்றே ஒன்று. தண்டவாளம் வந்தால் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும், அது சட்டம். வெர்லீன் வலது கையைத் தூக்குவாள். பஸ்ஸே கப்சிப். அவள் கையை இறக்கினால்தான் மறுபடி வாயைத் திறக்கலாம்.

அந்தச் செவ்வாய்தான் டிசம்பர் மாதத்து முதல் கவுன்சில் கூட்டம். அதைப் பள்ளிப் பிள்ளைகள் பாடித்தான் தொடங்கிவைப்பார்கள். இந்த வருஷம் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும். வெர்லீன்தான் கொண்டுவந்து இறக்கினாள். இறக்கிவிட்டு, பேச விரும்புகிறவர்களின் பட்டியலில் தன் பெயரையும் எழுதினாள்.

மேயர் டேல் ஆஸ்ட்ராண்டர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"என்ன டீச்சர், ஆரம்பிக்கலாமே?"

"முடிஞ்சே போச்சுங்க," என்றாள் இமானி.

சபை சிரித்தது. இமானி சுருதி கொடுத்தாலே பிள்ளைகளுக்குக் கிசுகிசுப்புதான் பழக்கம். இமானிக்குக் காது மடல் சூடேறியது.

அடுத்து, வீடு கட்டும் கம்பெனியின் சார்பில் ட்ரெண்ட் லகாவ்ஸ்கி வண்ணப் படங்களோடு எழுந்தான். நல்ல மனுஷன்தான், தாளில் இருப்பதை மட்டும் நம்புகிறவன்.

"எங்க வீடெல்லாம் ரெண்டு பெட்ரூம்தான். முந்நூறு வீட்டுக்கும் சேத்து முப்பத்துநாலே பிள்ளைங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாரமும் இல்லீங்க."

"மாடியில ரெண்டு பெரிய ரூம் இருக்கே?" என்றார் ஒரு கவுன்சிலர்.

"அதுக்குப் பேரு போனஸ் ரூம். பெட்ரூமுக்குத்தான் பிள்ளைங்க கணக்கு. போனஸ் ரூமுக்குக் கிடையாது."

"அதுலதான நாங்க நாலு பேரும் தூங்குறோம்!" என்று ஒரு குரல் வந்தது. ஹோதான் என்ற நாலாம் வகுப்புப் பையன்.

அவ்வளவுதான். "நாங்களும்!" "எங்க வீட்ல அஞ்சு பேரு!" என்று சபை சந்தைக்கடையாயிற்று. மேயர் சுத்தியலால் தட்டித் தட்டி அலுத்துப்போனார். கடைசியில் பட்டியலைப் பார்த்து, "வெர்லீன், உன் முறை, மூணு நிமிஷம். முடிஞ்சா பேசு," என்றார்.

வெர்லீன் மைக் முன்னால் போய் வலது கையைத் தூக்கினாள்.

கப்சிப். கவுன்சிலர் ஒருவர்கூடக் கடித்துக்கொண்டிருந்த பிஸ்கெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு ஒரு நிமிஷம் போதும் டேல். கண்ணுகளா, ஹெரான் ரிட்ஜ் பிள்ளைங்க மட்டும் எந்திரிங்க பாப்போம்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எழுந்தார்கள், எழுந்துகொண்டே இருந்தார்கள். கவுன்சிலர் அம்மாள் ஒருவர் விரலை நீட்டி எண்ணினார். ஐம்பத்தேழு.

"இது ரெண்டு கிளாஸ் மட்டும்தான். மிச்சம் நாலு கிளாஸ் வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கு," என்றாள் வெர்லீன்.

கடைசி வரிசையில் ஒரே மாதிரி இரண்டு சிறுமிகள் வாயைத் திறக்காமல் ட்ரெண்டைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். மேயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ட்ரெண்ட், அது உங்க ரெட்டைப் பிள்ளைங்கதானே?"

"ஆமாங்க."

"எங்க தூங்குறாங்க?"

ட்ரெண்ட் தன் படத்தைப் பார்த்தான், பிள்ளைகளைப் பார்த்தான். அடக்கமுடியாமல் சிரித்துவிட்டான்.

"போனஸ் ரூம்லங்க. இந்தக் கணக்குப்படி பாத்தா எங்க வீட்லயே பிள்ளைங்க பூஜ்யம். கணக்கு தப்புங்க, விட்டுருங்க."

பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓயும் முன்பே தீர்மானத்தைத் திருத்தி எழுதினார்கள். புது வீடுகளுக்குச் சலுகை உண்டு, ஆனால் பள்ளிக்கூடத்துப் பங்கை முதல் வருஷத்திலிருந்தே கட்டியாக வேண்டும். ஏழு பேரில் ஆறு பேர் கை தூக்கினார்கள். தலைமையாசிரியை இமானியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அடுத்த வருஷம் பாட்டு உண்டும்மா. உன் ரூமும் உண்டு."

"அப்ப அந்தப் பாட்ட இன்னொரு தடவை பாடுங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல," என்றார் மேயர்.

இமானி சுருதி கொடுத்தாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கொடுத்தாள். பிள்ளைகள் உதட்டை இறுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கை!" என்றாள் இமானி.

வெர்லீன் அண்ணாந்து பார்த்தாள். ஓட்டெடுப்பு முழுக்க, அவளுக்கே தெரியாமல், கை மேலேயே இருந்திருக்கிறது. மரத்தும் போயிருந்தது. மெதுவாக இறக்கினாள்.

வராந்தாவில் இரண்டு வருஷமாக அடக்கி வைத்த குரல் அத்தனையும் ஒரேயடியாக வெளியே வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே பனியில் நாயோடு நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். வெர்லீனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, இரண்டையும் அவள் மறைக்கவில்லை. அது என்ன பாட்டு என்று ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.