சக்கரம் வெளியே

மேலே இழுத்துவிட்ட கயிறு கழன்றதும், எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடரின் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் இழுக்கவில்லை. முதுகில் அறுவை சிகிச்சை செய்தபின் முதன்முறையாகப் பறக்கிற குஷி, மறந்துவிட்டார்.

வெளியே இருந்தால் இறங்க வசதிதானே என்பீர்கள். அங்கேதான் வினை. இறங்கும் முன் பழக்கதோஷத்தில் கை சக்கரத்தின் லிவரை மாற்றும். வெளியே இருக்கிற சக்கரம் சமர்த்தாக உள்ளே போய்விடும். எச்சரிக்கை மணியெல்லாம் எங்கள் கிழவியில் கிடையாது. கிழவி என்பது கிளைடர்தான். எங்கள் கல்யாணத்துக்கு மூத்தது, ஆனால் பறப்பதில் புதுசுகளுக்குச் சளைத்ததில்லை. வெடித்துப்போன அவள் வெள்ளைப் பூச்சை மழைக்காலம் முழுக்க உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றியவள் நான்.

சக்கரமில்லாமல் இறங்கி அவள் வயிறு கீறினால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். உள்ளே படுத்தவாக்கில் இருக்கும் மனிதரின் முதுகை என்ன செய்வது? அவருக்கும் தரைக்கும் நடுவே மெல்லிசாக ஒரு மெத்தை, அவ்வளவுதான். "பறக்கலாம். தடால்னு ஒரு அடி மட்டும் படக்கூடாது" என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். குனியவே பயம் இவருக்கு. இன்று காலைகூட ஷூ மாட்டிவிட்டது நான்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடுமே!

ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவருக்குக் கேட்கவே இல்லை.

"அவரு ரேடியோ பாட்டரி போயிருக்கும்மா" என்றார், கயிற்றால் கிளைடரை மேலே இழுத்துவிடும் வின்ச்காரர். "ஒருவேளை லிவரைத் தொடாமலே இறங்கிடுவாரோ?"

"அவரா? தூக்கத்துலகூட லிவரைத் தேடுவாரு."

வந்தார். இறங்குவதற்காகத் திரும்பும்போதே சக்கரம் உள்ளே போயிற்று. இரண்டு கையையும் ஆட்டினேன். பதிலுக்கு இறக்கையை ஆட்டினார், மகராசன்!

மானம் மரியாதை பார்க்கிற நேரமா அது? புல்லில் மல்லாந்து படுத்து, காலிரண்டையும் மேலே தூக்கி உதறினேன். ஒரு ஷூ கழன்று எங்கேயோ போய் விழுந்தது. வின்ச்காரர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவரும் பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்கிவிட்டார்.

வேலியைத் தாண்டும்போது கிழவியின் வயிற்றுக் கதவு திறந்தது. சக்கரம் வெளியே வந்தது. தரையைத் தொட்டு, உருண்டு, நின்றது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்து அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது.

கண்ணாடி மூடியைத் திறந்து, யார் கையையும் பிடிக்காமல் இறங்கி நடந்து வந்தார்.

"நாலு கால் ஆடுறதைப் பாத்ததுக்கு அப்புறம்தான் சக்கரம் ஞாபகம் வந்துச்சு" என்றார்.

"இன்னொரு தடவை மறந்தீங்கன்னா, நானே முதுகை ஒடிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே புல்லில் கிடந்த ஷூவை எடுத்துவந்து, என் காலைப் பிடித்து மாட்டி, லேஸையும் இழுத்து முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகுதான் அவர் குனிந்திருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது.