மூன்று முதல் தவணைகள்

கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பதில் மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கைகால் உதறுகிறவர்களைக்கூட ஒரே மாதத்தில் நெரிசல் சாலையில் ஓட்ட வைத்துவிடுவார். ஆனால் பெண்டாட்டிக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுக்கும் வித்தை மட்டும் அந்த மனுஷனுக்கு இன்றுவரை கைவரவில்லை.

"எனக்கு எதுக்குங்க? இருக்கறதே நல்லாத்தான் இருக்கு." இதுதான் அந்த அம்மாள் பாடும் பாட்டு. கரடியாய்க் கத்தினாலும் மாற மாட்டாள். அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அவளுக்கு எதைச் செய்தாலும் காதும் காதும் வைத்தாற்போலச் செய்துவிடுவது. அதே நிறத்தில் புதுச் செருப்பை வாங்கி, விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு, பழையது கிடந்த இடத்தில் போட்டுவிடுவார் மாஸ்டர். மகள் சம்பள நாளில் அம்மாவின் மாத்திரை டப்பாவைச் சத்தமில்லாமல் நிரப்பி வைப்பாள். மருந்துக்கடையில்தான் வேலை என்பதால் அது சுலபம். அந்த அம்மாளின் தம்பி, அதாவது மாஸ்டரின் மச்சான், ஒரு ஏசி மெக்கானிக். அக்கா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வந்து வாஷிங் மெஷினையே மாற்றிவிட்டுப் போனவன் அவன். "பழசுக்கு நல்லா எண்ணெய் போட்டேன்க்கா" என்று கூசாமல் சொன்னான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவள் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர். மூக்குத் துடைத்து, சோறூட்டி, தூங்க வைத்து எல்லாம் அவள்தான். ஆனால் பட்டம் இல்லாததால் டீச்சர் ஆக முடியாது. மகள் நச்சரித்து நச்சரித்து மாலை வகுப்புக்கு விண்ணப்பிக்க வைத்தாள். இடமும் வந்தது, பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகையும் வந்தது. மீதிப் பாதிக்கு இரண்டு வழி: மாணவர் கடன், அல்லது மாதத் தவணை.

கடன் என்ற பேச்சை எடுத்தாலே அவள் முகம் செத்துவிடும். சின்ன வயதில் கடன்காரன் வாசலில் வந்து நின்றால் அவளைத்தான் வெளியே அனுப்புவார்கள், "அப்பா வீட்டுல இல்ல" என்று சொல்ல. அப்பா கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். சரி, தவணை கட்டலாம் என்றால் வகுப்புக்காக வேலை நேரம் குறைந்து சம்பளமும் குறையும்.

"வேண்டாம்ங்க, விட்டுடலாம். இருக்கற காசுல உங்க வண்டிக்குக் கிளட்ச் மாத்துங்க" என்று வியாழக்கிழமை காலையில் முடிவாகச் சொல்லிவிட்டாள். முதல் தவணைக்கு வெள்ளிதான் கடைசி நாள்.

மாஸ்டருக்கு மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் அவர் ஒன்றைப் பார்த்திருந்தார். போன வாரம் அவளைக் காப்பகத்தில் இறக்கிவிடப் போனபோது, சிக்னலில் வண்டி நின்ற நேரத்தில், அவள் போனில் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அதுகூட அவள் காதில் விழவில்லை. அடிப்பாவி, இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டா வேண்டாம் என்கிறாள்? இப்போது விட்டால் இவள் எப்போதும் படிக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோனது.

அன்று சாயங்காலம் ஒரு மாணவரை இறக்கிவிட்டுத் தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டினார். அவளுடைய மாணவர் எண்ணை ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார். கிளட்ச்சுக்கு என்று வைத்திருந்த பணம் போன் வழியாகவே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டே வந்தார். பார்த்தால் மகளும் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாள். அவளாவது, பாத்திரமாவது! கொஞ்ச நேரத்தில் மச்சான் ஒரு பை ஆப்பிளோடு வந்து காரணமே இல்லாமல் இளித்துக்கொண்டு உட்கார்ந்தான். மாஸ்டருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? தன் கெட்டிக்காரத்தனத்தில் தானே மயங்கிக் கிடந்தார்.

மறுநாள் காலை அவள் போனில் செய்தி வந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"'உங்கள் கணக்கில் நேற்று மூன்று தவணைகள் வரவு வைக்கப்பட்டுள்ளன. உங்கள் நிதிநிலையை மீண்டும் பரிசீலிக்க வேண்டியிருப்பதால் உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. இன்று மாலைக்குள் நேரில் வரவும்.' என்னங்க இது? யாரு கட்டினது?"

மாஸ்டர் மகளைப் பார்த்தார். மகள் மாமனைப் பார்த்தாள். ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட மாமன் ஆப்பிளைப் பார்த்தான்.

"மூணு பேருமா?" என்றாள் அவள்.

"நான் மட்டும்தான்னு நெனச்சேன்மா" என்றாள் மகள்.

"நானும் அப்படித்தான்க்கா. அத்தான் கையில ஏது காசுன்னு..."

"டேய், வாயை மூடு" என்றார் மாஸ்டர்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, "பாத்தீங்களா, இது நமக்கு ஆகாதுன்னுதான் இப்படி வருது" என்று மட்டும் சொன்னாள். மாஸ்டர் ஆடிப்போனார். நல்லது செய்யப் போய் முதலுக்கே மோசம் பண்ணிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

நாலு பேரும் ஒரே காரில் போனார்கள். கட்டணப் பிரிவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் டோக்கன் எண் காட்டும் பலகை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பிள்ளை வயசுக்காரர்கள். ஜன்னலுக்குப் பின்னால் ஜலதோஷம் பிடித்த ஓர் இளம் பெண் அதிகாரி. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கணினியைப் பார்த்தார்.

"ஒரு தவணை கட்டவே கஷ்டம்னு உதவித்தொகைக்கு எழுதியிருக்கீங்க. ஒரே சாயங்காலத்துல மூணு கட்டியிருக்கீங்களே?"

"அது வந்து மேடம், ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் கட்டிட்டோம்" என்றார் மாஸ்டர்.

"ஏன் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் வீட்டில் அன்பு என்றாலே களவாணித்தனம்தான் என்றா சொல்ல முடியும்?

"அக்கா எதையும் வாங்கிக்க மாட்டாங்க மேடம்" என்று மச்சான் குறுக்கே விழுந்தான். "என்னை ஐடிஐ படிக்க வெச்சதே அக்காதான். அதுக்கு நான் திருப்பிக் குடுத்ததா வெச்சுக்கங்களேன்."

அவ்வளவுதான், அவள் சட்டென்று திரும்பினாள். "திருப்பிக் குடுக்கறியா? உனக்கு நான் கடனாடா குடுத்தேன்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த பையன்கூட போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அதிகாரிக்கு இந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போயிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். "இதோ பாருங்க. மூணு பேர் பணத்தையும் திருப்பி அனுப்பிடறேன். உதவித்தொகை பழையபடி வந்துடும். ஆனா மீதிப் பாதிக்கு இன்னைக்கே வழி சொல்லணும். ஒண்ணு உங்க சம்பளத்துலேர்ந்து தவணை. இல்லேன்னா உங்க பேர்ல கடன், படிச்சு வேலைக்குப் போனப்புறம் கட்டலாம். ரெண்டும் வேண்டாம்னா சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிடும். என்ன செய்யறது?"

"தவணையே போடுங்க மேடம், நான் பார்த்துக்கறேன்" என்றார் மாஸ்டர். "ராத்திரிகூட கிளாஸ் எடுக்கறேன். இவ பேர்ல கடன்னா..."

"நீங்க சும்மா இருங்க." அவள் அவர் கைமேல் கையை வைத்தாள். மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. சொல்லப் போகிறாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"கடன் கட்டலேன்னா வீட்டுக்கு ஆள் வருவாங்களா?" என்று கேட்டாள் அவள்.

"மாட்டாங்கம்மா. சம்பளம் வர ஆரம்பிச்சப்புறம் அதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாப் பிடிப்பாங்க. வேலை இல்லாதப்ப பிடிக்க மாட்டாங்க."

"வந்தாலும் பரவாயில்ல. நான் வீட்டுலதான் இருப்பேன். கதவைத் தொறந்து நானே பேசுவேன்." ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "என் பேர்ல கடன் போடுங்க. இதுங்க யாரும் எனக்காக ஒண்ணும் கட்ட வேண்டாம். எனக்குப் படிக்கணும். எனக்கு வேணும்ங்க இது."

எனக்கு வேணும். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் இந்த இரண்டு வார்த்தையையும் அவள் வாயால் சேர்த்து மாஸ்டர் கேட்டதே இல்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதிகாரி தன் மூக்குக்கு வைத்திருந்த டிஷ்யூ பெட்டியை ஜன்னல் வழியாக அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"எத்தனை கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள் அவள்.

"மூணு."

ஒவ்வொன்றாகப் போட்டாள். அவசரப்படவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்ததும் வெளியே வந்தார்கள். வராந்தாவில் வைத்து மூன்று பேரையும் நிறுத்தித் திட்டித் தீர்த்தாள். வாஷிங் மெஷின் முதல் செருப்பு வரை எல்லாம் தெரியுமாம், இத்தனை நாளும் போனால் போகிறதென்று விட்டுவைத்தாளாம். மச்சான் நெளிந்தான். மகள் சிரிப்பை அடக்க மாமன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

திட்டு ஓய்ந்ததும் அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் மிடுக்கு.

"ஏங்க, எனக்கு ஒரு பை வேணும். புஸ்தகம் வெச்சுக்க. நல்ல பையா, நானே பார்த்து எடுக்கணும். கடைக்குப் போகலாமா?"

"போலாம்மா, போலாம்" என்றார் மாஸ்டர். சாவியை எந்தப் பாக்கெட்டில் போட்டோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.