நான் என்பது பெரிய எழுத்து

என் நாத்தனார் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது நான் கரும்பலகையில் பெரிய A எழுதிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் உடைந்தது. திரும்பிப் பார்க்காமலே ஆள் தெரிந்துவிட்டது. அவள் தொண்டையைச் செருமும் விதம் எனக்கு அத்துப்படி. அந்தச் செருமலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சுடுசொல் வரும், நான் சமையலறைக்குள் போய் அழுவேன். இந்த முறை செருமலுக்குப் பின்னால், "குட் ஈவினிங் டீச்சர்" என்று வந்தது.

செருப்புக் கடைக்கு மேலே உள்ள இந்த அறையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் எழுதச் சொல்லித் தருகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளோடு போய்த் தங்க வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். நாத்தனாரின் மகள் அங்கே மாசமாக இருக்கிறாள், பக்கத்தில் யாருமில்லை. இதற்கென்று வேறு வகுப்பு இருந்திருந்தால் இவள் என் படியை மிதித்திருப்பாளா?

என் கணவர் போன பிறகு, வாசலில் அவர் பெயரும் என் பெயரும் பொறித்திருந்த பித்தளைப் பலகையைக் கழற்றியவள் இவள்தான். அண்ணன் பெயர் மட்டும் போதும் என்று புதிதாக ஒன்று செய்து மாட்டினாள். "பேரே இல்லாத வீட்டுல நீங்க எதுக்கு?" என்று கேட்டாள். பெட்டியோடு இறங்கினேன். அதற்குப் பிறகு உறவுக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவ' என்றுதான் சொல்வாளாம். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். பூனை காத்திருந்தது.

தமிழில் வளர்ந்தவர்களுக்குப் பெரிய எழுத்து லேசில் பிடிபடாது. நமக்கு மந்திரிக்கும் மண்வெட்டிக்கும் ஒரே 'ம'தான். வகுப்பில் இருந்த டிரைவர், முதலாளி என்ற சொல்லை எங்கே கண்டாலும் பெரிதாக்குவார். சின்னதாக எழுதினால் அவருக்கு மரியாதைக் குறைவாம். தையல்காரரோ பார்வைக்கு எடுப்பாக இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு பெரிய எழுத்தைத் தைத்துவிடுவார். வாக்கியத்தின் தொடக்கம், ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை, மாதம் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

'நான்' என்பதைச் சொல்லித் தந்த அன்று நாத்தனார் வரவில்லை. பாஸ்போர்ட் வேலையாகப் போயிருந்தாள். நீ, அவன், அவள் எல்லாம் வரிக்கு நடுவில் சின்னதுதான், ஆனால் I மட்டும் எங்கே நின்றாலும் பெரிது என்றேன். "வெள்ளைக்காரங்களுக்கு அந்தத் திமிரு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பதான் தெரியுது" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் அவளுக்குத் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் தந்த தாள்களில் எங்கு பார்த்தாலும் சின்ன i. தலையில் ஒரு புள்ளியோடு, ஒடுங்கிப்போய், வரிக்கு வரி நின்றாள் என் நாத்தனார். மற்றவர்களின் தாளில் அந்தத் தப்பைச் சிவப்பு மையால் நிமிர்த்தினேன். அவள் தாளில் எழுத்துப்பிழையைத் திருத்தினேன், முற்றுப்புள்ளி வைத்தேன், i-யை மட்டும் தொடவில்லை. தேர்வில் இதற்கு ஒவ்வொரு இடத்திலும் மதிப்பெண் வெட்டுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்கினேன்.

தேர்வுக்கு முந்தைய நாள், 'என் குடும்பம்' என்று எழுதச் சொன்னேன். எல்லோரும் தாளைத் தந்து திருத்தி வாங்கிக்கொண்டு போன பிறகும் அவள் மட்டும் நின்றாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அண்ணிங்கறது பேரா, முறையா?"

"முறைதான்."

"நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே. எனக்கு அதானே பேரு? பெருசா போட்டிருக்கேன்."

தாளை நீட்டினாள். மகளைப் பற்றி இரண்டு வரி. அதன் கீழே, என் அண்ணியின் பெயரை நான் வாசலிலிருந்து எடுத்தேன், நான் செய்தது தப்பு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அண்ணி என்பதை மட்டும் பெரிய A போட்டு Anni என்றே விட்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெட்டியோடு இறங்கியபோது தமிழில் பேசிய வாய்தானே இது? இப்போது நான் சொல்லிக் கொடுத்த மொழியில், மார்க் போட வேண்டிய தாளில் வைத்து நீட்டுகிறாள். மனசு இளகிவிடும் என்று பார்த்தாளா?

அப்போதுதான் அந்த வரியைப் பாடம் நடத்துகிறவளாகப் பார்த்தேன். 'என்' என்று முன்னால் வந்துவிட்டால் முறைப் பெயருக்குச் சின்ன எழுத்துதான். ஒழுங்காகத் திருத்துவதென்றால் என் A-வை நானே சின்னதாக்க வேண்டும், அவள் i-யை நிமிர்த்த வேண்டும். தப்பாக எழுதிய இந்த ஒரு வரியில்தான் நான் பெரியவளாகவும் அவள் சின்னவளாகவும் இருந்தோம்.

"வேற எதுவும் தப்பு இருக்கா?"

"இல்ல. எல்லாம் சரியா இருக்கு."

சொல்லும்போது நாக்கில் இனித்தது. அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். படியிறங்கிப் போனாள்.

பலகையை அழித்தேன். கடைசி பெஞ்சில் அவள் மூக்குக்கண்ணாடி கிடந்தது. அது இல்லாமல் நாளைக்குக் கேள்வித்தாளைக்கூட அவளால் படிக்க முடியாது. கையில் எடுத்தேன். மேசை இழுப்பறை திறந்துதான் இருந்தது.

கீழே தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு மரப்படி கிறீச்சிட்டது. முழங்கால் வலிக்காரி, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறுகிறாள்.

"அண்ணி" என்றாள், பாதிப் படியிலிருந்து. "கண்ணாடிய விட்டுட்டேன்."

என் ஒரு கையில் அவள் கண்ணாடி. இன்னொரு கையில், எப்போது மூடியைக் கழற்றினேன் என்று தெரியவில்லை, சிவப்புப் பேனா.