ஒசாக்காவில் ஓர் அமைதியான அறை

எனக்கு ஹோட்டல்களைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ரொறன்ரோவின் நடுவில் இருக்கும் பெரிய ஹோட்டல் ஒன்றில் ஏழு வருடங்களாக வேலை செய்கிறேன். கோட்டுப் போட்டு முன்வாசலில் நிற்கிற வேலை அல்ல. அறைகளுக்குத் துவாய் கொண்டுபோவது, மெத்தை தூக்குவது, கைக்குழந்தையோடு வருகிறவர்கள் கேட்டால் கிரிப் தள்ளிக்கொண்டு போய் விரித்துக் கொடுப்பது. கிரிப் என்றால் குழந்தை உருண்டு விழாமல் நான்கு பக்கமும் கம்பி வைத்த சின்னக் கட்டில். எந்த அறையில் ஆள் நிம்மதியாகத் தூங்குவார், எந்த அறையில் விடியும்வரை புரண்டுகொண்டு கிடப்பார் என்பது எனக்குக் கதவைப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே அருள்நாயகம் அண்ணை, "ஐசே, ஒரு இரவுதானே, ஏதோ ஒரு ஹோட்டலைப் போட்டுவிடுவம்" என்று சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்து விமான ரிக்கற் விற்கிறவர். என் மனைவி தவமணிக்கும் மகள் கௌசிக்கும் கனடா விசா கிடைத்துவிட்டது. அது 1996 ஜூலை மாதம். ஐரோப்பா வழியாக வருகிற விமானம் எல்லாம் நிரம்பிக் கிடந்தது. தேடித் தேடிக் கடைசியில், கொழும்பிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஜப்பானில் ஒசாக்கா, பிறகு வன்கூவர், ரொறன்ரோ என்று ஒரு வழி கண்டுபிடித்தார். ஒசாக்காவில் ஓர் இரவு தங்கவேண்டும். அதற்கான அனுமதியையும் எடுத்துவிட்டார். ஹோட்டல் மட்டும்தான் மிச்சம்.

நான் நாட்டை விட்டு வந்து எட்டு வருடம். இந்த எட்டு வருடத்தில் அவர்களுக்காக ஒரு கணவன் செய்கிற வேலை, ஒரு தகப்பன் செய்கிற வேலை என்று எதையும் நான் செய்ததில்லை. மழைக்குக் குடை பிடித்ததில்லை. காய்ச்சலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததில்லை. இந்த ஓர் இரவு மட்டும் எப்படியோ என் கையில் வந்து விழுந்திருந்தது. முன்பின் தெரியாத ஊரில், களைத்துப்போய்க் கதவைத் திறந்ததும், 'அவர் பாத்துத்தான் எடுத்திருக்கிறார்' என்று தவமணி நினைக்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காக அருள்நாயகம் அண்ணையோடு சண்டை பிடிக்கவும் தயாராக இருந்தேன்.

அவரிடம் செங்கல் தடிப்பில் ஒரு ஹோட்டல் புத்தகம் இருந்தது. ஒசாக்காப் பக்கங்களைப் புரட்டினார்.

"இது ஸ்ரேசனோட ஒட்டினது. இறங்கினா ஹோட்டல்."

"விடிய விடிய ரெயில் சத்தம் கேக்கும் அண்ணை."

"எயார்போட்டில ஒண்டு கிடக்கு."

"வேண்டாம். என்ர மனுசி குண்டு போடுற பொம்மருக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள்ள இருந்தவள். பிளேன் தலைக்கு மேல போனா எப்பிடிப் படுக்கிறது?"

"அப்ப இது? கடைத்தெருவுக்கை. பிள்ளையள் விளையாட இடமெல்லாம் இருக்காம்."

படத்தைப் பார்த்தேன். சுவர் முழுக்க வண்ண வண்ண விளக்குகள். அதுகள் இரவிரவாக எரியும், யன்னல் திரைச்சீலையைத் தாண்டி உள்ளே வரும். தலையை ஆட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஐசே ஸ்ரீஸ்கந்தராசா, நீர் பொம்பிளைப் பிள்ளைக்கு மாப்பிளை பாக்கிற மாதிரியெல்லோ ஹோட்டல் பாக்கிறீர்."

கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஊருக்கு நடுவில்தான், ஆனால் பெருந்தெருவிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கோயில் தோட்டத்துக்குப் பின்பக்கம் இருந்தது. சின்ன ஹோட்டல். அமைதியானது, குடும்பங்களுக்கு உகந்தது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். அப்படி எல்லோரும்தான் போடுவார்கள், எங்கள் ஹோட்டலும் போட்டிருக்கிறது. எலிவேற்றருக்குப் பக்கத்து அறை வேண்டாம் என்று எழுதச் சொன்னேன். ஐஸ் மெஷினுக்குப் பக்கத்திலும் வேண்டாம். சமையலறைக்கு மேலே வேண்டாம். தெருப்பக்கம் வேண்டவே வேண்டாம். அவர் முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினார்.

"முடிஞ்சுதோ? ஃபக்ஸ் பண்ணட்டோ?"

"ஒரு கிரிப்பும் வேணும்."

"ஆருக்கு?"

"மகளுக்கு."

"மகளுக்கு எத்தினை வயசு?"

"ஒன்பது."

பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவள் நித்திரையில உருளுவாள் அண்ணை," என்றேன். "நான் வெளிக்கிடுறதுக்கு முதல் கிழமைகூட கட்டிலால விழுந்து நாடி வெடிச்சுப் பிளாஸ்டர் போட்டது. இது புது இடம். விழுந்திட்டாளெண்டால்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குனிந்து அதையும் எழுதினார். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கப் போவதில்லை.

எத்தனை கிரிப் விரித்தவன் நான். ஒன்பது வயதுப் பிள்ளை அதற்குள் கொள்ளாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒன்பது என்பது படிவத்தில் எழுதுகிற வயது. எனக்குத் தெரிந்த கௌசி என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், நான் புறப்பட்ட அன்று மோவாயில் பிளாஸ்டரோடு வாசல் படலையில் நின்று கை காட்டியவள். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வருவதே பெரும்பாடாக இருந்த காலம், படம் எங்கே வருவது? கொழும்புக்கு வந்தபின் விசாவுக்காக எடுத்த படத்தில் முகம் மட்டும்தான் இருந்தது. முகத்தை வைத்துக்கொண்டு ஆள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று யாரால் சொல்லமுடியும்? தொலைபேசியிலும் "ஓம்", "சுகம்", "அம்மாட்டைக் குடுக்கிறன்". அதற்கு மேல் ஒரு சொல் வராது.

வேலையில் நான் கிரிப் கொண்டுபோனால் பெரும்பாலும் தகப்பன்மார்தான் கதவைத் திறப்பார்கள். உள்ளே குழந்தை அழும். நான் விரித்து முடித்ததும் தகப்பன் வந்து கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பான், உறுதியாக இருக்கிறதா என்று. எனக்கு அவர்களைக் கண்டால் பொறாமை. அவர்களுடைய அறைக்காகவோ உடுப்புக்காகவோ அல்ல. அந்தக் கம்பியை ஆட்டிப் பார்க்கிறார்களே, அதற்கு.

ஹோட்டலில் கழித்துவிட்ட பழைய கிரிப் ஒன்றைக் கேட்டு வாங்கி, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருக்கும் என் அப்பார்ட்மென்றுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். வெள்ளைப் பெயின்ற் அடித்து, புது விரிப்பும் போட்டிருந்தேன். வேலை முடிந்து வந்து சோறு வைத்துத் தின்றுவிட்டு அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். வேறு பேச்சுத் துணை எனக்கு இல்லை. சில நாள் கம்பியை ஆட்டியும் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் ஒசாக்காவில் இறங்கிய மறுநாள் காலை, எனக்கு இங்கே பின்னேரம், தொலைபேசி அட்டையைச் சுரண்டி ஹோட்டலுக்கு எடுத்தேன். பெண் ஒருத்தி மெல்லிய குரலில் பேசி அறைக்குத் தொடுத்துவிட்டாள்.

"தவம், நித்திரை கொண்டனீங்களோ? சத்தம் ஒண்டும் இல்லைத்தானே?"



"சத்தமே இல்லையப்பா," என்றாள். "அதுதான் நித்திரை வரேல்லை."

"ஏன்?"

"கொழும்பில நாங்கள் இருந்த வெள்ளவத்தை லொட்ஜுக்கு முன்னால, காலிக்குப் போற வீதியில பஸ் விடியுமட்டும் ஓடும். அதுக்குள்ள படுத்துப் பழகீட்டம். ஊரில சத்தம் நிண்டாத்தானே பயம். அடுத்த ஷெல் எங்கை விழுமெண்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறது. ராத்திரியும் அப்பிடியே கிடந்தம். பிறகு கௌசி எழும்பி ரீவியைப் போட்டாள். ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆரோ கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு இருந்திச்சினம். அதுக்குப் பிறகுதான் கண் அயர்ந்தது."

எலிவேற்றர் வேண்டாம், ஐஸ் மெஷின் வேண்டாம், தெரு வேண்டாம் என்று நான் விலக்கிவைத்த சத்தத்தில் ஏதாவது ஒன்று இருந்திருந்தாலே அவர்கள் தூங்கியிருப்பார்கள்.

"நல்ல அறை," என்று தவமணி அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "பாத்துத்தான் எடுத்திருக்கிறியள்."

நான் கேட்க ஆசைப்பட்ட சொல்தான். காய்ச்சல்காரனைத் தேற்றுவதுபோலச் சொன்னாள்.

பிறகு கௌசி வந்தாள்.

"அப்பா, இந்தக் கம்பிக் கட்டில் ஆருக்கு?"

"பிள்ளைக்குத்தான்."

அவள் சிரித்தாள். இந்த எட்டு வருடத்தில் என் மகள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "காலை மடக்கினாலும் கொள்ளாதப்பா. எங்கட உடுப்புப் பாக் எல்லாத்தையும் அதுக்குள்ள வைச்சிருக்கிறம்."

"நித்திரையில உருளுவியளெண்டு நினைச்சன்."

"நானோ? நான் அசையவே மாட்டன். பங்கருக்குள்ள எல்லாரும் நெருக்கிக்கொண்டுதானே படுக்கிறது. அசைஞ்சா மற்ற ஆக்களுக்கு இடிக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தைச் சொல்வதுபோல.

"அங்கை உங்கட வீட்டிலயும் எனக்கு இப்பிடிக் கட்டிலோ?"

உங்கட வீடு என்றாள். நான் வெள்ளைப் பெயின்ற் அடித்த கம்பியைப் பார்த்தேன்.

"இல்லை. பெரிய கட்டில்," என்றேன். "பிள்ளை இப்ப எவ்வளவு உயரம்?"

"அம்மாவின்ர தோளுக்கு வருவன்." பிறகு வழமைபோல, "அம்மாட்டைக் குடுக்கிறன்."

வைத்துவிட்டு அழுதேன். உயிரோடு சுகமாக வந்துகொண்டிருக்கிற பிள்ளைக்காக அழுவது மடைத்தனம், தெரியும். ஆனால் மோவாயில் பிளாஸ்டரோடு நின்று கை காட்டிய குழந்தை இனி எந்த விமானத்திலும் வராது. எட்டு வருடமாக நான் காத்திருந்தது அவளுக்காக. வரப்போகிறவள் வேறு ஒருத்தி. அசையாமல் படுக்கப் பழகியவள். அதை அவளுக்கு யார் பழக்கினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

கிரிப்பைக் கழற்றி, கம்பிகளைக் கட்டி, எலிவேற்றரில் கீழே இறக்கிக் குப்பை அறையில் வைத்தேன். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. கதிரையை எங்கே போடுவது என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் தளபாடக் கடைக்குப் போனேன். இரவு விமானத்துக்கு முன் கட்டில் வந்துவிடவேண்டும். கடைக்காரர் வயதானவர், நல்ல மனிதர்.

பிள்ளை எவ்வளவு உயரம் என்று கேட்டார். தாயின் தோளுக்கு வருவாள் என்றேன்.

தாய் எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

கையை என் மோவாய்க்கு நேரே பிடித்தேன். பிறகு கொஞ்சம் இறக்கினேன். திரும்ப உயர்த்தினேன். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு வருடத்துக்கு முன், வெளிக்கிடுகிற அன்று, தவமணி என் நெஞ்சில் சாய்ந்து நின்றாள். அவளுடைய தலை எதுவரை வந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

கையைக் கீழே போட்டேன்.

"இண்டைக்கு இரவு வருகினம்" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நாளைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவர்களே பார்த்து எடுக்கட்டும் என்றேன்.